‘பாப்பா ஏன் வரலை?’

ஒரு செய்தி வருகிறது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு குழந்தைக்கு, சொல்லவே நாக்கூசுகிற கொடுமை. அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீக்கடையில் ஒருத்தர், ‘இவனையெல்லாம் நடுரோட்டுல நிக்கவெச்சு சுடணும் சார்!’ என்பார். வாட்ஸ்அப்பில் அரபு நாட்டுத் தண்டனைகள் பற்றி ஒரு ஃபார்வர்டு சுற்றும். டி.வி-யில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மூன்றாவது நாள், வேறு செய்தி வந்துவிடும்.

கோபம் நியாயமானது. அதை நான் கேலி பண்ணவில்லை. ஆனால், அந்தக் கோபத்துக்குள் குழந்தை எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் தேடிப் பாருங்கள். குற்றவாளி இருக்கிறான், போலீஸ் இருக்கிறது, தூக்குக் கயிறு இருக்கிறது. குழந்தையைக் காணோம்! அவள் மறுபடி பள்ளிக்கூடம் போனாளா? பழைய சிநேகிதிகள் அவளை விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்களா? கோர்ட்டுக்கு யார் கூட்டிப் போனார்கள்? அவள் பெயரை வெளியிடக் கூடாது என்கிறது சட்டம். ரொம்பச் சரியான சட்டம். நாம்தான் அதை ‘நமக்குச் சம்பந்தமில்லை’ என்று நம் வசதிக்குப் புரிந்துகொண்டோம்.

இதில் நம்ம சினிமாவுக்கும் ஒரு பங்கு உண்டு. குழந்தைக்குக் கொடுமை நடப்பது இடைவேளைக்கு முன்னால். ஹீரோ அரிவாளைத் தூக்குவது இடைவேளைக்குப் பின்னால். வில்லன் துண்டு துண்டாகும்போது நாம் விசிலடித்துவிட்டு பாரம் இறங்கின மாதிரி வெளியே வருவோம். பாரம் இறங்கியது யாருக்கு? நமக்கு!

சமீப வருடங்களில் இரண்டு படங்கள் இந்தப் பாதையை விட்டு விலகின. 2022-ல் வந்த ‘கார்கி’யில், குற்றம் சாட்டப்பட்ட அப்பாவுக்காகக் கோர்ட்டு படியேறிப் போராடுகிற மகள், கடைசியில் அப்பாவின் பக்கம் நிற்கவில்லை, அந்தக் குழந்தையின் பக்கம் நிற்கிறாள். 2023-ல் வந்த ‘சித்தா’வில், பழிவாங்கும் வெறியோடு துடிக்கிற சித்தப்பனிடம், சின்ன வயதில் தானே அந்த வலியை அனுபவித்த ஒரு பெண், குழந்தைக்கு இப்போது தேவை அதுவல்ல என்று புரியவைக்கிறாள். தமிழ் சினிமா இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டு படங்களிலும் குழந்தையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஒரு வீட்டுக்காரர்களின் தனிப் போராட்டம். ஊர் என்ன செய்கிறது? சந்தேகப்படுகிறது, கூட்டம் கூடுகிறது, வாய்க்கு வந்ததைப் பேசுகிறது. குழந்தைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. இதை இயக்குநர்களின் குறை என்று சொல்ல மாட்டேன். இருப்பதைத்தானே காட்டியிருக்கிறார்கள்!

சென்னை அயனாவரம் ஞாபகம் இருக்கிறதா? 2018-ல், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு நடந்தது. அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள் உள்பட 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. கேட்டுக்கு செக்யூரிட்டி உள்ள இடம், மேலும் கீழும் பக்கத்திலும் வீடுகள் உள்ள இடம். கொடுமை ஒருநாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் அந்தச் சிறுமி தன் அக்காவிடம் சொன்ன பிறகுதான் வெளியே வந்தது. அத்தனை வீட்டுக்காரர்களும் கெட்டவர்களா? இல்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சுவருக்குச் சுவர் ஒட்டிய நகரத்திலேயே இப்படி. பக்கத்து வீட்டுக்கே ஒரு மேடு ஏறி இறங்கவேண்டிய இடத்தில்?

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிற மலை. நம்மில் பலருக்குத் தெரிந்தது பீமன் அருவியும் கோடை விழாவும் மலைத்தேனும்தான். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் காவலூர் வானாய்வகத்தைச் சொல்வார்கள். 1986-லிருந்து அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. எத்தனையோ ஒளியாண்டு தூரத்து நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க மலையுச்சியில் ஏற்பாடு செய்த தேசம் நாம். அடுத்த குடிசைக் குழந்தையின் முகம் வாடியிருப்பதைக் கண்டுபிடிக்க என்ன ஏற்பாடு?

அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்வதால் வந்த பெயர்.) சாமை, புளி, பலா, தேன் என்று வானத்தை நம்பிய பிழைப்பு. மழை ஏமாற்றினால் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூருக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான். அப்படி வேலை தேடுகிறவர்களைத்தான் செம்மரம் வெட்டப் புரோக்கர்கள் கூட்டிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. அன்றைக்கு எல்லோரும் பிணங்களை எண்ணினோம். அப்பா திரும்பி வராத வீடுகளில் எத்தனை பிள்ளைகள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணினோம்?

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், குழந்தையைச் சீரழிப்பவன் முகமூடி போட்டுக்கொண்டு இருட்டிலிருந்து குதிப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப வருடக் கணக்குகளைப் பார்த்தால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100-க்கு 90-க்கு மேல் குழந்தைக்குத் தெரிந்த ஆள்தான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், வண்டி ஓட்டுபவர். அவன் முதலில் தேடுவது, தனியாக இருக்கிற குழந்தையை. அப்புறம் சாக்லேட், செல்போன், ஒரு சின்ன ரகசியம். ‘யார்கிட்டயும் சொல்லாதே.’ குழந்தை சொல்லவில்லையா? யாரும் கேட்கவும் இல்லையா? அவனுக்கு அதுவே லைசென்ஸ்.

அப்பா, அம்மா வேலைக்குப் போயிருக்க, பாட்டியிடமோ ஹாஸ்டலிலோ வளருகிற பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு? கேட்கிற ஆள்தான் பாதுகாப்பு.

அப்படி ஓர் ஆளைப் பத்திரிகைகள் ஏற்கெனவே உங்களுக்கு அறிமுகப்படுத்தியிருக்கின்றன. ஜவ்வாது மலை அரசவெளியில், அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் ஆசிரியை மகாலட்சுமி. பிள்ளைகளுக்குத் தலைமுடி வெட்டிவிடுவார், குளிப்பாட்டுவார். பள்ளிக்கு வராத பிள்ளையை வீடு தேடிப் போய்க் கூட்டி வருவார். ‘என்னே சேவை!’ என்று உருகிவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். எனக்கு அதில் சேவையைவிடப் பெரிய விஷயம் தெரிகிறது. தினமும் தலையைத் தொட்டு வாரிவிடுகிற கைக்கு, குழந்தையின் உடம்பில் புதிதாக ஒரு காயம் வந்தால் தெரியும். நேற்று வரை வாயாடிய பிள்ளை இன்று பேசாமல் இருந்தால் தெரியும். ஒரு குறிப்பிட்ட ஆள் பெயரைச் சொன்னதும் முகம் மாறினால் தெரியும். இதற்குப் பெயர் சேவை இல்லை, காவல்!

நான் படித்தது பி.காம். அதில் எனக்கு மிச்சமாக நின்ற பாடம் ஒன்றுதான்: கணக்கு டேலி ஆகாவிட்டால் அதற்கு ஒரு காரணம் உண்டு. பேங்க்கில் சாயந்திரம் கேஷில் 100 ரூபாய் குறைந்தால், கிடைக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒரு குழந்தை குறைந்தால்? ‘ஆப்சென்ட்’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறோம்.

இந்த ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு, மலைக்குப் பக்கத்திலேயே, ஒரே மாவட்டத்தில், ஆறே மாத இடைவெளியில் இரண்டு பள்ளிகள் சாட்சி.

முதல் பள்ளி. 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், போலி என்.சி.சி. முகாம் நடத்தி, 13 வயது மாணவியிடம் அத்துமீறினார்கள். விஷயம் தெரிந்தும் நிர்வாகம் போலீஸுக்குப் போகவில்லை, மூடி மறைத்தது என்று பள்ளிப் பொறுப்பில் இருந்தவர்களும் கைதானார்கள். ‘வெளியே சொன்னா ஸ்கூல் பேரு கெட்டுடும்.’ இந்த ஒரு வாக்கியத்தின் விலை எத்தனை குழந்தைகள் என்று யோசியுங்கள்.

இரண்டாவது பள்ளி. 2025 பிப்ரவரி, அதே மாவட்டம், ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. அங்கேயும் 13 வயது மாணவி. கைதானவர்கள் அவளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டிய மூன்று ஆசிரியர்கள். கேட்கவே வயிறு பற்றி எரிகிறது. ஆனால், இது எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். அந்த மாணவி நாள்கணக்கில் பள்ளிக்கு வரவில்லை. தலைமை ஆசிரியர் வீட்டுக்கே போய் விசாரித்தார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அதன் பிறகுதான் புகார், கைது எல்லாம்.

மூன்று வாத்தியார்கள் கெடுத்த மானத்தை, ‘பாப்பா ஏன் வரலை?’ என்ற ஒரு கேள்வி கொஞ்சமாவது மீட்டது.

இது அந்தத் தலைமை ஆசிரியரின் பெருந்தன்மை மட்டுமல்ல. சட்டம் சொல்கிற கடமை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிற போக்ஸோ சட்டத்தின் 19-வது பிரிவு, குழந்தைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸிடம் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை பார்ப்பவன் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்ல எண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. ‘நமக்கெதுக்கு வம்பு?’ என்பவர்களே... சொல்லாமல் இருப்பதுதான் வம்பு!

‘ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்’ என்று கிளம்புகிற பெரிய மனிதர்களுக்கும் ஒரு தகவல். பள்ளி மாணவிக்கு ஆசிரியர் கொடுத்த பாலியல் தொல்லை சம்பந்தப்பட்ட ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பஞ்சாயத்தில் கட்டுகிற அபராதத்துக்கு ரசீது கிடைக்கலாம். நியாயம் கிடைக்காது.

ஊர் கூடவேண்டும்தான். எதற்கு என்பதுதான் கேள்வி.

அரசாங்கம் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்திலேயே, ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமையில் அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், ஆசிரியர், ஊர்க்காரர்கள், முக்கியமாக... குழந்தைகளே உறுப்பினர்களாக! திட்டத்தின் பெயர் இப்போது ‘மிஷன் வாத்சல்யா’ என்று மாறிவிட்டது. குழு மாறவில்லை. ஜவ்வாது மலை ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒன்று என்றால்கூட 11 குழுக்கள்.

அருமையான யோசனை. என் விமர்சனம் யோசனை மீது இல்லை. இப்படிப்பட்ட குழுக்களின் வெற்றியை நாம் அளக்கும் முறை மீது. கூட்டம் நடந்ததா, மினிட் புக்கில் கையெழுத்து இருக்கிறதா, போட்டோ இருக்கிறதா என்று பார்க்கிறோம். பத்து கையெழுத்து இருந்தால் குழு பாஸ்! கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்ற பிள்ளைகள் யார் யார்? பெற்றோர் வெளியூர் போயிருக்கும் வீடுகள் எவை? அந்தப் பிள்ளைகள் இப்போது யார் பொறுப்பில்? எந்தப் பெண்ணுக்கு 18 வயதுக்கு முன்னால் கல்யாணப் பேச்சு நடக்கிறது? இந்த நாலு கேள்விக்கும் அங்கன்வாடி அக்காவுக்கு பதில் தெரியும். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

கல்யாணம் என்றதும் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடவேண்டும். மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் 16, 17 வயதில் கல்யாணமாகிக் கர்ப்பமாகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போக்ஸோ வழக்கு வரும், புருஷன் ஜெயிலுக்குப் போவான் என்று பயந்து, ஆஸ்பத்திரிக்கே வராமல் இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கருக்கலைப்புக்கு வருகிற மைனர் பெண் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் டாக்டர் அவள் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு ஜன்னலைத் திறந்தது. ஆனாலும் பயம் பயம்தான். வழக்கு போட்டு மிரட்டுவதைவிட, அந்தப் பெண் பத்தாவதோடு நிற்காமல் பார்த்துக்கொள்வது நல்ல பாதுகாப்பு. இதே மலையாளி சமூகத்திலிருந்து, ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றதை 2024-ல் தமிழ்நாடே கொண்டாடியது. படிப்பு ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு மலைக்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம்.

சரி, புகார் கொடுத்தாயிற்று. அதோடு முடிந்ததா? அங்கேதான் குழந்தையின் நிஜமான மலையேற்றம் தொடங்குகிறது.

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் வழியாக மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலைக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். மலைக்குள் இருக்கிற சிற்றூர் என்றால், பஸ் பிடிக்கவே முதலில் நடக்க வேண்டும். ஒரு வாய்தாவுக்கு அம்மாவின் ஒருநாள் கூலி போச்சு, பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு தனி. வழக்கைத் தள்ளி வைத்தால் மறுபடியும் அதே செலவு. ‘சாட்சி பிறழ்ந்துவிட்டது’ என்று செய்தி படிக்கிறோமே... அதில் பாதி பயம் என்றால், மீதி பஸ் டிக்கெட்டாக இருக்கலாம்.

இதையும் சட்டம் யோசித்திருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே, கூடுமானவரை பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வந்து வாங்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சிகிச்சை கொடுப்பதற்கு முன் ‘போலீஸ் பேப்பர் எங்கே?’ என்று எந்த டாக்டரும் கேட்கக் கூடாது. 2020-ன் போக்ஸோ விதிகளின்படி சாப்பாடு, துணி, போக்குவரத்து மாதிரி உடனடித் தேவைக்குப் பணம் தர குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். வழக்கு முடியும்வரை கூடவே வர ஒரு ‘துணை நபர்’ நியமிக்கலாம். இத்தனையும் இருக்கிறது. ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு, இது இருக்கிறது என்று யார் சொல்வது? ஊர்தான் சொல்ல வேண்டும்.

ஊரால் முடியுமா? முடியும். இதே மலையாளிப் பழங்குடியினர் வாழும் இன்னொரு ஊர் நிரூபித்திருக்கிறது. தர்மபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் புகுந்த ஊர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமியும் அதில் உண்டு. செய்தவர்கள் அரசாங்க ஊழியர்கள். எதிர்த்து நின்றவர்கள் கூலிக்காரர்கள். 2011 செப்டம்பரில், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம்!

அந்த 31 வருடமும் அந்தப் பெண்கள் தனியாகக் கோர்ட்டுக்குப் போகவில்லை. மலைவாழ் மக்கள் சங்கம் கூட இருந்தது, இடதுசாரிகள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஊர் இருந்தது. ‘கெட்டுப்போனவள்’ என்ற வார்த்தையை அந்தப் பெண்கள் பக்கம் திருப்ப விடாமல், செய்தவன் பக்கம் திருப்பியது அந்தத் துணைதான். ஊர் சேர்ந்து நிற்பது என்றால் இதுதான். யாரும் அரிவாள் தூக்கவில்லை. பஸ் ஏறிக் கூடவே போனார்கள்.

இனி, நகரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு. உங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தை உங்களிடம் வந்து வாயைத் திறந்தால், செய்ய வேண்டியவை ரொம்பக் கொஞ்சம்தான்.

‘நீ சொல்றதை நான் நம்புறேன். இது உன் தப்பு இல்லை.’ இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லுங்கள். ‘நீ ஏன் அங்க போனே?’ என்று கேட்காதீர்கள். போலீஸ் மாதிரி துருவவும் வேண்டாம். ஆளுக்கொரு தடவை சொல்லச் சொன்னால், ஆளுக்கொரு தடவை அவள் அதை அனுபவிக்கிறாள்.

சம்பவம் இப்போதுதான் நடந்தது என்றால், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

1098-க்கு போன் செய்யுங்கள். 1996-ல் மும்பையில் ஆரம்பித்த இலவச எண் அது. இப்போது அரசாங்கமே நடத்துகிறது. ராத்திரி, பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

செய்தவனிடம் நீங்களே போய் நியாயம் கேட்காதீர்கள். அவன் உஷாராகிவிடுவான், குழந்தை மாட்டிக்கொள்ளும்.

யாரிடமும் பெயரைச் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் வாயே திறக்காதீர்கள். ஆனால், அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு விளையாட அனுப்புங்கள். எந்தக் கோர்ட்டாலும் போட முடியாத உத்தரவு இது.

‘தூக்குல போடணும்’ என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். யாரையும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘பாப்பா ஏன் வரலை?’ என்று கேட்பது அப்படியில்லை. அதற்கு, தினமும் ஒரு பாப்பா வருகிறாள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று வரவில்லை என்பதும் உறைக்க வேண்டும்.

உங்கள் தெருவில், உங்கள் மாடிப்படியில், உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் ஒரு குழந்தை வந்துகொண்டிருந்ததே... கொஞ்ச நாளாகக் கண்ணில் படுகிறதா?

கேட்டுப் பாருங்களேன்.